ஒண்ணு பாயிண்ட் எட்டு

திங்கட்கிழமை காலையில் இரண்டாவது போர்டு வந்து சேர்ந்தது. பெங்களூரிலிருந்து வந்த அட்டைப்பெட்டிக்கு மாதேஸ்வரி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு, அதற்குள் பளபளவென்று ஒரு கவர், கவருக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் போர்டு. கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை சுற்றுச் சுற்ற மாட்டார்கள். முதல் போர்டும் இதே மாதிரி சுற்றிக்கொண்டுதான் வந்தது. போன வெள்ளிக்கிழமை கருகிப் போனது.

ஒரு புது சிப்பை ஆயிரக்கணக்கில் வாங்கிப் பொருளில் வைப்பதற்கு முன்னால், அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று ஓட்டிப் பார்க்க வேண்டாமா? அதற்காகவே அந்த ஒரு சிப்பை நடுவில் உட்கார வைத்து, சுற்றிலும் வயர் மாட்ட இடம் விட்டுச் செய்து கொடுப்பதுதான் இந்தப் போர்டு. எவால்யுவேஷன் போர்டு என்று முழுசாகச் சொல்ல ஓசூர் சிப்காட்டில் யாருக்கு நேரம்? இவால் போர்டு என்பார்கள். ஸ்கூட்டர் பேட்டரிக்குக் கன்ட்ரோலர் செய்கிற அந்த ஐம்பது பேர் கம்பெனிக்கு ஒரு பெங்களூர் கஸ்டமர்தான் அதை அனுப்பியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்து அளந்து சொன்னால் பெரிய ஆர்டர்.

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். போர்டுக்கு இரண்டு சப்ளை வேண்டும். மொத்தப் போர்டுக்கும் ஐந்து வோல்ட். நடுவில் இருக்கிற சிப்புக்கு மட்டும் தனியாக ஒண்ணு பாயிண்ட் எட்டு வோல்ட். சிப்புக்குப் போய் ஐந்தைக் கொடுத்தால் தீர்ந்தது கதை. லேப்பில் வேலை செய்கிற கோபி நாலு வயரையும் மாட்டினான், பவர் சப்ளையை ஆன் பண்ணினான். இரண்டு நொடிகூட ஆகவில்லை, சிப்பின் மேலே நூல் மாதிரி புகை. பதறிப்போய் நாலு வயரையும் ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டான். அங்கேதான் பாவம் மாட்டிக்கொண்டான். எந்த வயர் எங்கே இருந்தது என்று காட்ட அதற்கப்புறம் அவன் கையில் ஒன்றுமில்லை. இரண்டு பிளஸ் வயரும் ஒரே சிவப்பு வேறு.

போட்டோ எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். கஸ்டமர் கம்பெனி இன்ஜினியர் சௌமியா அரை மணி நேரத்தில் பதில் போட்டுவிட்டாள்: ஒண்ணு பாயிண்ட் எட்டு போக வேண்டிய இடத்தில் ஐந்து போயிருக்கிறது. அப்புறம் என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது? வயரை மாற்றி மாட்டிவிட்டான் பையன். கம்பெனியில் பெருக்குகிற பாப்பம்மாவிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அதையே சொன்னார்கள்.

"இல்லக்கா, நான் பார்த்துத்தான் மாட்டினேன்" என்று அவன் மாதேஸ்வரியிடம் சொன்னான். டெஸ்ட் லேப் முழுக்க அவள் பொறுப்பு. பதினோரு வருஷமாக அந்த லேப்பில் இருக்கிறாள். அவள் அளந்து சொன்ன கணக்கை இதுவரை யாரும் திருப்பி அளந்ததில்லை. வேலையில் அவ்வளவு சுத்தம். வாயில் அவ்வளவு சுத்தமில்லை. கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பார்க்க மாட்டாள். அன்றைக்கு டீ நேரம், லேப் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் டம்ளரோடு நிற்கிறார்கள், அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

"ரெண்டு சிவப்பு வயர்ல எது எதுன்னு பார்க்கத் தெரியல, கண்ணை எங்க வச்சிட்டு வந்த? பெட்டிக்கு டேப் ஒட்டத்தான் நீ லாயக்கு."

கோபி காவேரிப்பட்டினத்துப் பையன், வயசு இருபத்தைந்து, காவியாவோடு கல்யாணமாகி எட்டு மாசம். இரண்டு வருஷமாக கான்ட்ராக்டில் லேப்பில் இருந்தான். மாதேஸ்வரி கோபத்தில் சொன்னதை முதலாளி அசோக்குமார் நிஜமாகவே செய்துவிட்டார். மத்தியானமே அவனைப் பேக்கிங்குக்கு அனுப்பினார். கான்ட்ராக்ட் இந்த மாசத்தோடு முடிகிறது, மறுபடி போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அசோக்குமாருக்கு ஊர் விருதுநகர்ப் பக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு ஓசூர் வந்து, பிறகு சொந்தமாக இதை ஆரம்பித்தவர். திங்கட்கிழமை காலை பெட்டி வந்ததும் அவரே லேப்புக்கு வந்தார்.

"இத நீயே மாட்டும்மா. மூணு மணிக்கு அந்தப் பொண்ணு சௌமியா நேர்லயே வருது. இதுவும் போச்சுன்னா ஆர்டரும் போச்சு" என்றார். கதவு வரை போய்த் திரும்பி, "கோபி காலைலயே எழுதிக் குடுத்துட்டான். வயர மாத்தி மாட்டுனது நான்தான்னு கையெழுத்து போட்டுட்டான். அந்தப் பொண்ணு கையில அதக் குடுத்துட்டா அந்தச் சோலி முடிஞ்சது" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாதேஸ்வரிக்கு அதைக் கேட்டதும் ஒரு நிம்மதி. சும்மா சொல்லக்கூடாது, நிம்மதிதான். ஒத்துக்கொண்டானே, அதுவரைக்கும் நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்தப் பெஞ்சை யாரும் தொடவில்லை. நடுவில் பவர் சப்ளை இருந்தது. ஒரு பெரிய ரொட்டிப் பெட்டி அளவு இருக்கும். வலப்பக்கம் ஒரு சேனல், இடப்பக்கம் ஒரு சேனல். இரண்டும் தனித்தனியாக இரண்டு சப்ளை கொடுக்கும். முதல் சேனல் ஐந்து வோல்ட்டுக்கு, இரண்டாவது ஒண்ணு பாயிண்ட் எட்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஸ்ப்ளே. அதற்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச். மேலே தள்ளினால் வோல்ட் காட்டும், கீழே தள்ளினால் கரண்ட் காட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டாது, பழைய மாடல்.

திருகுகிற நாப்கள் மேலே கோபி டேப் ஒட்டியிருந்தான். டேப்பில் பேனாவால் வோல்ட்டும் தேதியும். அது லேப்பின் வழக்கம். நாப்பைத் திருகி வோல்ட் வைத்து, மீட்டரில் அளந்து சரிபார்த்த பிறகு யாரும் கைவைக்காமல் இருக்க டேப் ஒட்டிவிடுவார்கள். டேப் இருந்தால் அளந்தாயிற்று என்று அர்த்தம். மறுபடி அளக்க வேண்டியதில்லை, நேராகப் போர்டை மாட்டலாம். இந்த வழக்கத்தைக் கொண்டு வந்ததும் மாதேஸ்வரிதான். கோபி செவ்வாய்க்கிழமை காலையில் அளந்து டேப் ஒட்டினான். அன்று மத்தியானம் கம்பெனியில் ஆயுத பூஜை. புதன், வியாழன் லீவு. வெள்ளிக்கிழமை காலை வந்து மாட்டினான்.

அவள் டேப்பைக் கிழிக்கத்தான் கை வைத்தாள். அப்புறம், இருக்கட்டும், இந்த மகராசன் எவ்வளவில் வைத்திருந்தான் என்று பார்ப்போம் என்று தோன்றியது. போர்டை எட்டத்தில் வைத்துவிட்டு, பவர் சப்ளையை மட்டும் ஆன் பண்ணி, மீட்டரின் இரண்டு முனைகளையும் முதல் சேனலில் வைத்தாள். ஐந்து. சரி. இரண்டாவது சேனலில் வைத்தாள்.

ஐந்து.

முனை சரியாகப் படவில்லையோ என்று எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். அதே ஐந்து. பார்த்தாயா படவாவை, டேப்பில் ஒண்ணு பாயிண்ட் எட்டு என்று எழுதிவிட்டு ஐந்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று முதலில் அவன் மேல்தான் இன்னும் கோபம் வந்தது. வயரை மாற்றவில்லையாம், வோல்ட்டையே மாற்றி வைத்திருக்கிறான். கையெழுத்துப் போட்டதும் பொய்யா?

ஆனால் டிஸ்ப்ளே கரண்டில் இருந்தது. கோபி போர்டை மாட்டும்போது கரண்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், எல்லோரும் அப்படித்தான். வோல்ட்டை டேப் பார்த்துக்கொள்ளும். ஏதோ இடித்தது அவளுக்கு. முதல் சேனலின் டேப்பை மட்டும் உரித்துவிட்டு, ஐந்தை மெதுவாகக் குறைத்தாள். மீட்டர் இன்னும் இரண்டாவது சேனலில்தான் இருந்தது. அதுவும் இறங்கியது. நாலரை, நாலு, மூன்று. இங்கே திருகினால் அங்கே இறங்குகிறது.

அப்போதுதான் அவள் நடுவில் பார்த்தாள்.

இரண்டு சேனலுக்கும் நடுவில் சதுரமாக இரண்டு சின்ன பட்டன்கள் இருந்தன. இரண்டும் வெளியே நின்றால் சேனல்கள் தனித்தனி. இரண்டும் உள்ளே அமுங்கினால் உள்ளுக்குள்ளேயே இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். முதல் சேனல் என்ன கொடுக்கிறதோ அதையே இரண்டாவதும் கொடுக்கும். இரண்டாவதின் நாப் சும்மா பேருக்கு. கரண்ட் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் வைத்த வரம்பும் செல்லாது. எப்போதோ நிறைய கரண்ட் தேவைப்பட்டால் உதவும் என்று கொடுத்திருக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் அந்த லேப்பில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. அப்படி இரண்டு பட்டன் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

இரண்டும் உள்ளே அமுங்கியிருந்தன. இரண்டின் மேலும் காய்ந்த சந்தனம், சந்தனத்தின் நடுவில் வட்டமாகக் குங்குமம்.

அவள் ஒன்றை அழுத்தினாள். டிக்கென்று வெளியே வந்தது. இன்னொன்றையும் அழுத்தினாள். மீட்டரில் எண் சட்டென்று இறங்கி நின்றது. ஒண்ணு பாயிண்ட் எட்டு பூஜ்யம். டேப் உரிக்காத நாப், கோபி செவ்வாய்க்கிழமை வைத்தது வைத்தபடி, ஒரு புள்ளிகூட நகராமல் இருந்தது.

விரல் நுனியில் குங்குமம் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். யார் வைத்த பொட்டு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வருஷா வருஷம் லேப்பில் பொட்டு வைப்பது அவள்தான்.

ஆயுத பூஜை என்றால் அசோக்குமாருக்கு ஒரு மெஷின் விடக் கூடாது. ஸ்குரூ டிரைவருக்குக்கூடப் பொட்டு வேண்டும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணித் துடைத்துவிட்டு, ரஞ்சிதா சந்தனக் கிண்ணமும் குங்குமமும் இருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு வர, மாதேஸ்வரி வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். ரஞ்சிதா அசெம்பிளியில் வேலை செய்கிறவள், தேனிப் பக்கம், பேச ஆரம்பித்தால் தட்டைக் கீழே வைத்தாலும் வாயை வைக்க மாட்டாள். தம்பிக்குப் பெண் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தப் பவர் சப்ளையில் பொட்டு வைக்க இடமே இல்லை. மேலே முழுக்கக் காற்று ஓட்டை, முன்னால் கண்ணாடியும் நாப்பும் டேப்பும். நடுவில் இந்த இரண்டு பட்டன் மட்டும் பொட்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி சதுரமாக, வழவழவென்று. அழகாகப் பொருந்துகிறதே என்று இரண்டுக்கும் வைத்தாள். சந்தனத்தை மெதுவாகத் தடவினாள். குங்குமம் உதிர்ந்துவிடக் கூடாதே என்று கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள். ரஞ்சிதாவின் தம்பிக்கு அந்தப் பெண் பிடித்துவிட்ட இடம் அது. டிக்கென்ற சத்தம் யார் காதில் விழும்?

பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாக உதிர்ந்தால் உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமையும் அது அப்படியே இருந்தது. கோபியும் அதைப் பார்த்திருப்பான், கும்பிட்டுக்கூட இருப்பான்.

மாதேஸ்வரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டன் இரண்டும் இப்போது வெளியே வந்துவிட்டன. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் சந்தனமும் போய்விடும். லேப்பில் வேறு யாரும் இல்லை. மூன்று மணிக்குச் சௌமியா வருவாள், போர்டு ஓடும், கோபி கையெழுத்துப் போட்ட தாள் அவளோடு பெங்களூர் போய்விடும். அவனே ஒத்துக்கொண்டுவிட்டானே. நானா அவனை எழுதிக் கொடுக்கச் சொன்னேன்? இந்தக் கணக்கெல்லாம் அவள் மனசில் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். பதினோரு வருஷமாகச் சேர்த்த பேர். மாதேஸ்வரி கைபட்டால் தப்பாது என்கிற பேர். நேற்று வந்த பையனுக்காக அதைத் தூக்கிப் போட வேண்டுமா?

துணிகூட எடுத்துவிட்டாள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி மீட்டரைப் பார்த்தாள். ஒண்ணு பாயிண்ட் எட்டு பூஜ்யம். இதைவிடச் சரியாக அவளாலேயே வைக்க முடியாது. கண்ணை எங்கே வைத்துவிட்டு வந்தாய் என்று கேட்டோமே என்று நினைத்ததும் அவமானமாக இருந்தது, அழுகை வருகிற மாதிரி இருந்தது, தன் மேலேயே கோபமாகவும் வந்தது. துணியைப் பெஞ்சில் எறிந்தாள். உரித்த டேப்பை மறுபடி ஒட்டினாள், முதல் சேனலை ஐந்துக்குத் திருப்பினாள், பட்டன் இரண்டையும் பழையபடி உள்ளே அழுத்தினாள். எப்படிப் பார்த்தாளோ அப்படியே வைத்துவிட்டு அசோக்குமாரின் அறைக்குப் போனாள்.

அவர் வந்து பார்த்தார். அவள் மீட்டரை வைத்துக் காட்டினாள், பட்டனை அழுத்திக் காட்டினாள். ஐந்து, ஒண்ணு பாயிண்ட் எட்டு, மறுபடி ஐந்து. அவருக்குப் புரிய ஒரு நிமிஷம்தான் ஆனது.

"பொட்டு வச்சது யாரு?" என்றார்.

"நான்தான் சார். வேற யாரு வைப்பா."

அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "சரி, விடு. இத இதோட விட்டுரு. அவன் எழுதிக் குடுத்துட்டான்ல."

"அவன் வயர மாத்தல சார்."

"அது எனக்கும் தெரியுது. ஆனா பெங்களூர்க்காரங்கிட்ட என்னன்னு சொல்றது? சந்தனம் வச்சோம், போர்டு எரிஞ்சிருச்சுன்னா? சிரிப்பாங்க. இவங்கள நம்பியா ஆர்டர் குடுக்கிறதும்பாங்க. வயரு மாறிப் போச்சுன்னா அது எல்லா இடத்துலயும் நடக்கிறது."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கம்பெனி ஐம்பது பேருக்குச் சோறு போடுகிறது. ஆனால் மாதேஸ்வரி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"நான் பண்ணத அவன் தலையில கட்டச் சொல்றீங்களா சார்? அவனுக்கு இன்னும் பதினெட்டு நாள்ல வேலை போகுது. நாளைக்கு வேற கம்பெனில போய் நின்னா, போர்ட எரிச்சவன்னு இங்க போன் போட்டுக் கேப்பாங்க. நீங்களும் ஆமான்னுதான் சொல்லணும். அந்தப் பொண்ணு வந்தா நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்ல வேணாம்."

அசோக்குமார் அந்தப் பட்டன்களைப் பார்த்தார். ஒரு மெஷின் விடாதே என்று தட்டுக்குப் பின்னாலேயே வந்து சொன்னது தான்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, அவர் சொல்லவில்லை. "அவனக் கூப்பிடு" என்றார்.

கோபி கையில் டேப் ரோலோடு வந்தான். கூப்பிட்டார்களே என்று முகத்தில் பயம். மாதேஸ்வரி அவனிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மீட்டர் முனைகளை அவன் கையிலேயே கொடுத்து இரண்டாவது சேனலில் வைக்கச் சொன்னாள். ஐந்து என்று வந்ததும் அவன் முகம் இன்னும் சுருங்கிப் போனது. பிறகு அவள் பட்டன்களை அழுத்தினாள். ஒண்ணு பாயிண்ட் எட்டு.

"இன்னொரு தடவ அமுக்குங்கக்கா" என்றான்.

அழுத்தினாள். அவன் மறுபடியும் கேட்டான். மூன்றாவது தடவை அவனே அழுத்திப் பார்த்தான்.

"பூஜை அன்னிக்கு நான் பொட்டு வைக்கறப்ப அமுங்கியிருக்குது. நீ சரியாத்தான் மாட்டியிருக்கிற" என்றாள் மாதேஸ்வரி.

அவன் தலையை ஆட்டினான். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. "வெள்ளிக்கிழமையிலருந்து கண்ணை மூடுனா நான் வயர மாத்தி மாட்டற மாதிரியேதான்க்கா தெரிஞ்சுது. வீட்ல காவியாகிட்டகூட நான்தான்னு சொல்லிட்டேன்" என்றான். பிறகு, யாரும் கேட்காமலே, "ஆனா அளந்து பார்க்காதது நான்தானே சார்" என்று அசோக்குமாரிடம் சொன்னான்.

"அளக்க வேணாம், டேப் இருந்தா போதும்னு சொல்லிக் குடுத்தது யாரு?" என்றாள் மாதேஸ்வரி.

மூன்று பேரும் உட்கார்ந்து ரிப்போர்ட்டை மாற்றி எழுதினார்கள். கஸ்டமருக்குக் கொடுக்கிற ரிப்போர்ட்டில் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு ஐந்து தடவை பதில் எழுத வேண்டும். கோபி கையெழுத்துப் போட்ட பழைய தாளில் ஐந்துக்கும் அவன் பெயர்தான் இருந்தது. புதுசில், சிப் ஏன் எரிந்தது, ஐந்து வோல்ட் போனது, அது ஏன் போனது, பட்டன் அமுங்கியிருந்தது என்பது வரைக்கும் வேகமாக வந்துவிட்டார்கள். பட்டன் ஏன் அமுங்கியது என்கிற இடத்தில் அசோக்குமாரின் பேனா நின்றுபோனது.

"பூஜைன்னு எழுதவா, சுத்தம் பண்ணும்போதுன்னு எழுதவா?"

"பூஜைன்னே எழுதுங்க சார். சுத்தம் பண்ணுனா நாளைக்குப் பாப்பம்மா மேல பழி போகும்."

எழுதினார். பொட்டு வைத்தது எம். மாதேஸ்வரி, டெஸ்ட் லேப் பொறுப்பாளர் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினார். கடைசி ஏனுக்குப் பதில்: மாட்டுவதற்கு முன்னால் மறுபடி அளக்கும் வழக்கம் லேப்பில் இல்லை.

அத்திப்பள்ளியில் டிராஃபிக்கில் மாட்டி, சௌமியா மூன்றரைக்குத்தான் வந்தாள். சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. கன்னடம் கலந்த தமிழ். ரிப்போர்ட்டை நின்றுகொண்டே படித்தாள். பூஜை என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து மாதேஸ்வரியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எங்க லேப்லயும் பூஜை பண்றோம் மேடம். அடுத்த நாள் எல்லாம் அளக்காம ஒண்ணும் தொட மாட்டோம்" என்றாள். "இந்த போர்டும் போயிட்டா இன்னொண்ணு கிடையாது. யாரு கனெக்ட் பண்றீங்க?"

"கோபி பண்ணுவான்" என்றாள் மாதேஸ்வரி. அசோக்குமார் வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

கோபி பெஞ்சில் உட்கார்ந்தான். சிப்புக்கான சப்ளையைப் போர்டு தானே தயாரிக்கலாம், இல்லை வெளியிலிருந்தும் கொடுக்கலாம். எது என்று சொல்வதற்கு ஜம்பர் என்று ஒரு துக்குணி மூடி. அதை வெளிப்பக்கம் மாற்றிப் போட்டான். டேப்பையெல்லாம் உரித்துப் புதுசாக வோல்ட் வைத்தான், அளந்தான். இருநூறு மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதபடி கரண்டுக்கு வரம்பு வைத்தான். மைனஸ் இரண்டையும் மாட்டினான். ஐந்து வோல்ட்டுக்குச் சிவப்பு வயர், மற்றதற்கு ரஞ்சிதாவிடம் கேட்டு வாங்கிய மஞ்சள் வயர். மாட்டிய பிறகு இரண்டையும் கழற்றி, சப்ளையை ஆன் பண்ணி, மஞ்சளின் முனையில் மீட்டர் வைத்து அளந்து, ஆஃப் பண்ணினான். மறுபடி மாட்டினான். மறுபடி கழற்றினான். நாலாவது தடவையும் கழற்றியபோது அசோக்குமார் தொண்டையைச் செருமினார். மாதேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் அடங்கிவிட்டார்.  சௌமியா போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐந்தாவது தடவை மாட்டிவிட்டு ஆன் பண்ணினான். போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. சிப் இழுத்த கரண்ட் நாற்பத்திரண்டு மில்லி ஆம்பியர். சிப்போடு வந்த புத்தகத்தில் நாற்பது என்று இருந்தது. சௌமியா எழுதிக்கொண்டாள், இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள், ஐந்து மணிக்குக் கிளம்பினாள். ஆர்டரைப் பற்றி மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவளை அனுப்பிவிட்டு வந்த அசோக்குமார், "நாளைல இருந்து லேப்புக்கே வா. கான்ட்ராக்ட் பேப்பர் போடச் சொல்றேன்" என்று கோபியிடம் சொன்னார். பழைய தாளை அவன் கண் முன்னாலேயே கிழித்துக் கூடையில் போட்டார்.

இரண்டு பேரும் வயரைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். மாதேஸ்வரிக்கு ஒன்று மட்டும் காலையிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏன் கோபி, மாத்தலைன்னு உனக்குத் தெரியும்ல. அப்புறம் என்னாத்துக்குக் கையெழுத்து போட்ட?"

அவன் மஞ்சள் வயரைச் சுற்றிக்கொண்டே பதில் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னான். "சார் கேக்கறப்ப எல்லாம் மாத்தலைன்னுதான்க்கா சொன்னேன். வெள்ளிக்கிழமை ரெண்டு தடவ கேட்டாரு, ரெண்டு தடவையும் அதான் சொன்னேன். அப்புறம் டீ குடிக்கறப்ப நீங்க அப்படி சொன்னீங்க. நீங்க சொன்னா தப்பா இருக்காதே. நாமதான் மாத்திட்டோம்போல, ஞாபகமில்லன்னு நெனச்சிக்கிட்டேன்."

  மணி ஐந்தரை. கம்பெனி பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது; பேக்கிங் பக்கம் எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவள் கையிலிருந்த மீட்டரைப் பெஞ்சில் வைத்தாள்.

"வா" என்றாள்.

"எங்கக்கா?"

அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். ரஞ்சிதா, பாப்பம்மா, அசெம்பிளியில் இருப்பவர்கள், வாட்ச்மேன் எல்லோரும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை நின்றவர்களைவிட அதிகமாகவே இருந்தார்கள்.  அன்றைக்குத் திட்டிய அதே சத்தத்தில்தான் சொன்னாள், கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்க வேண்டும்.

"எல்லாரும் கேளுங்க. வெள்ளிக்கிழமை இவன நான் பேசுனது தப்பு. இவன் வயர சரியாத்தான் மாட்டுனான். போர்ட எரிச்சது நான்."

 கோபி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பஸ் வந்து ஹாரன் அடித்தும் முதலில் யாரும் ஏறவில்லை.